நீர்ச்செடித் தொட்டிக்கு எந்த மண்?

கண்ணாடித் தொட்டிகளில் மீன்களோடு வளர்க்கும் நீர்ச்செடிகளுக்கு நகரத்தில் வாங்குவோர் உண்டு. சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ இருப்பவர்களும், இரண்டு சீமெந்துத் தொட்டிகள் இருந்தால் இவற்றை வளர்க்கலாம். ஆனால், கடையில் விற்கும் கனிமப் பசளைப் பைக்குக் காசு கொடுக்குமுன் உங்கள் தண்ணீரையும் மண்ணையும் பாருங்கள் என்பதே நாம் சொல்ல வருவது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லூடாக வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையே அதற்குச் சாட்சி. இந்நீரில் கல்சியம் தாராளமாக இருப்பதால் டொலமைற்றோ சிப்பித்தூளோ சேர்க்க வேண்டியதில்லை. கடற்கரை மணலும் ஆகாது. அதில் சிப்பி கலந்திருக்கும். மணலிலும் மண்ணிலும் ஒவ்வொரு பிடி எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

இத்தகைய நீரில் செடிக்கு எளிதில் கிடைக்காதது இரும்புச்சத்து. குருத்திலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். நெல் விதைத்தவர்களுக்கு இதன் பரிகாரம் புதிதல்ல. வயலில் தண்ணீர் நின்று சேற்றில் காற்றுப் படாதபோது மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வேருக்குக் கிடைக்கிறதல்லவா? தொட்டியிலும் அதுவே நடக்கும். நுரைக்காத களிமண்ணையோ கிறவல் துகளையோ ஓர் அங்குலம் இட்டு, அதன்மேல் நன்கு கழுவிய ஆற்று மணலை ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பரப்புங்கள். களி சத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். மணலுக்கு அக்குணம் இல்லை. படை மிகத் தடித்தால் அடியில் அழுகி, கூழ்முட்டை நாற்றம் எழும்.

சாம்பல், யூரியா, பச்சைச் சாணம் மூன்றும் தோட்டத்துக்கு நல்லவை, மீனுக்கு நஞ்சு. யூரியாவிலிருந்து வரும் அமோனியா சுண்ணாம்பு நீரில் இன்னும் கொடியது. எப்பாவலப் பொஸ்பேற்றும் வேண்டாம். பொஸ்பேற்று கூடினால் பாசிதான் செழிக்கும்.

தொட்டியின் அடி முழுவதும் மண் பரப்புவதிலும் சிறு மண்சட்டிகளில் நடுவதே நல்லது என்பது எமது எண்ணம். மீண்டும் வீடு மாற நேர்ந்தால் ஈரச்சாக்கால் மூடி, சட்டியோடு கொண்டுபோகலாம். எமது நாட்டுக்கே உரிய கிரிப்ற்றோகொரைன் வகைகளை ஓடைகளில் பிடுங்காமல், வளர்ப்பவர்களிடம் பக்கக்கன்று வாங்குங்கள். நீர் மாறியதும் அவை இலைகளை அழுக விட்டுவிடும். செத்துவிட்டதென எறிய வேண்டாம். கிழங்கு உறுதியாக இருந்தால் சில வாரங்களில் துளிர்க்கும்.