மலிவு விலைக் குரோஷா நூல்: லாட் பார்த்து வாங்குவோம், லாட் பார்த்து விற்போம்

மளிகையோடு ஊசி, பொத்தான், நூல்கண்டு என்று ஒரு தட்டு ஒதுக்கியிருக்கும் கடைகள் நம்மில் பல. அந்தத் தட்டில் முடங்கும் முதல் கொஞ்சம், சச்சரவு அதிகம். குறிப்பாகக் குரோஷா பின்னுகிறவர்களுக்கு விற்கும் மலிவு நூலில்.

நமது கடையில் நடந்ததைச் சொல்கிறோம். மேசை விரிப்பு பின்ன சந்தன நிறத்தில் எட்டுக் கண்டு வாங்கிய ஓர் அம்மாள், முக்கால் பங்கு முடிந்ததும் இன்னும் இரண்டு கேட்டு வந்தார். அதே நிறம்தான் என்று கொடுத்தோம். மறுவாரம் விரிப்பையே கொண்டுவந்து விரித்துக் காட்டினார். கடைசி நான்கு வரிசை மட்டும் மஞ்சள் அடித்தது. "பார்த்துத்தானே குடுத்தீங்க அண்ணாச்சி?" என்றார். பார்த்தோம்தான், டியூப்லைட் வெளிச்சத்தில். கண்டின் விலை சொற்பம். ஆனால் அவர் வீட்டு மாத மளிகையும் நம் கடையில்தான்.

ஒரே நிற எண்ணாக இருந்தாலும் ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் சாயல் சற்று மாறும். அதனால்தான் கண்டின் சுற்றுத்தாளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் அச்சிடுகிறார்கள். கிலோ கணக்கில் வரும் மில் மிச்சக் கோன்களில் பெரும்பாலும் அந்தச் சீட்டே இராது. பல லாட் கலந்திருக்கும். சில சமயம் பல கவுண்டும் கலந்திருக்கும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை அடங்குகிறதோ, அதுவே பருத்தி நூலின் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெலியும். 20-ம் 30-ம் கலந்துவிட்டால் பின்னல் ஒரே அகலத்தில் நிற்காது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். இரண்டு கோன்களிலிருந்து நூலை எடுத்து, ஒன்றின் வளையத்துக்குள் மற்றொன்றைக் கோத்து, இரு பக்கமும் முறுக்கி விரலால் தடவினால் தடிப்பு மாறும் இடம் தெரியும். நிறத்தை வாசலில், பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தால் சாயம் விடும் நூல் அங்கேயே அகப்படும்.

எடையிலும் கவனம் தேவை. காய்ந்த பருத்தி நூறு கிலோவுக்கு எட்டரைக் கிலோ ஈரம் என்பது வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவு. மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஏறும். தண்ணீருக்கும் நூல் விலை கொடுப்போம்.

இப்போது நாம் லாட் வாரியாகத் தனித்தனிப் பையில் வைக்கிறோம். கேட்பதைவிட ஒரு கண்டு கூடுதலாக எடுத்துப் போகச் சொல்லி, பிரிக்காமல் பட்டியலோடு கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். லாட் தீர்ந்துவிட்டால் அதை மறைப்பதில்லை. பாதி வேலையில் வருகிறவரிடம், கையில் மீதமுள்ள பழைய நூலையும் புதியதையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னச் சொல்கிறோம். சாயல் வேறுபாடு கண்ணில் படுவது குறையும். சீரில்லாத கோன்களைப் பை, மிதியடி பின்னுகிறவர்களுக்குச் சொல்லியே குறைந்த விலைக்குத் தருகிறோம்.

அந்த அம்மாள் நான்கு வரிசையையும் பிரித்துவிட்டு, பழுப்பு நிறத்தில் கரை கட்டிக்கொண்டார். பழுப்பு நூலுக்கு நாம் காசு வாங்கவில்லை.