ஆட்டுமயிரும் மருதமுனை நூலும்: கையால் கட்டும் ஒரு பொய்யிரை

மீன்பிடிக் கடையில் தொங்கும் பொய்யிரைகள் இறக்குமதிப் பொருட்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது அவற்றின் விலையும் கூடவே ஏறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. இயந்திரத் தோணி வைத்திருந்தவர்களுக்கே தொழிலுக்குப் போவது கணக்குப் பார்க்கும் விடயமாயிற்று.

கல்முனைக் கரையில் கரையில் நின்று தூண்டில் போடுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. போர்க்காலத்தில் பாஸ் நடைமுறையும் இரவுத் தொழிலுக்கான தடையும் இருந்தன. 2004 சுனாமி தோணிகளையும் வலைகளையும் அள்ளிச் சென்றது. ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புகள் வந்தபின் அதன் வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிபட்டு, கரைவலை இழுக்கும் இடங்களும் சுருங்கின. தோணியும் வலையும் இல்லாதவருக்கு மிஞ்சுவது ஒரு தங்கூசியும் ஒரு தூண்டில் முள்ளும்தான். கல்லில் சிக்கி அறுந்தாலும் மனம் நோகாத ஒரு பொய்யிரை அவருக்குத் தேவை.

அதற்கு ஒரு நல்ல மாதிரி வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிடைக்கிறது. அங்கு ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் என்ற மீனைப் பிடிக்க ‘ஸ்கங்க்’ என்ற பொய்யிரையைக் கட்டுவார்கள். சிவப்பு வால், கறுப்பு உடல், அதன்மேல் வெள்ளிச் சுற்று, மேலே வெள்ளை மயிர். (ஆங்கிலேயர் நம் நுவரெலியா மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இந்த ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்தான், ஒன்று கடலுக்குப் போகிறது, மற்றது போவதில்லை.) ஆற்றுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட் பசியால் கடிப்பது குறைவு, அதைச் சீண்டினால் போதும். ஆகவே அந்தப் பொய்யிரை எந்த உயிரினம் போலவும் இருக்கவேண்டியதில்லை.

நம் பாரையும் சீலாவும் கொடுவாவும் அப்படியல்ல. அவை துரத்துவது சூடையையும் கீரியையும். அந்தச் சிறுமீன்களின் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. ஆகவே ஸ்கங்கின் நிறங்களைத் தலைகீழாக்க வேண்டும்: வெள்ளை கீழே, கறுப்பு மேலே. வாலில் உள்ள சிவப்பைத் தொண்டைக்குக் கொண்டுவந்தால் அது செவுள் போலத் தெரியும்.

பொருட்களுக்கு அலையத் தேவையில்லை. ஹஜ் பெருநாள் குர்பானில் மிஞ்சும் ஆட்டு வாலின் நீள மயிரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மருதமுனைத் தறிகளில் விழும் நூல்துண்டு உடலுக்கும் செவுளுக்கும் உதவும். ஆனால் மயிரை இறுக்கிக் கட்டும் நூலாகப் பருத்தியைப் பாவிக்கவேண்டாம், உப்புத்தண்ணீரில் உக்கிவிடும். அதற்குத் தையல்கடைப் பொலியெஸ்டர் நூலே சரி. வெள்ளிச் சுற்றுக்குப் பிளாஸ்டிக் சரிகை. உலோகச் சரிகை கறுத்துப்போகும்.

முள்ளைக் குறட்டில் கவ்வவைத்து, குறட்டின் பிடிகளை இறப்பர் பட்டியால் இறுக்கினால் இரு கைகளும் விடுபடும். முள்ளின் கண்ணுக்குப் பின்னே ஒரு நெல்மணி அளவு இடத்தை வெறுமையாக விடுங்கள். அனேகரின் முதல் கட்டு கெடுவது இங்குதான்: மயிரைக் கண்வரை தள்ளிவிட்டால் முடிச்சுப்போட இடமிருக்காது.

தண்டு முழுவதும் பொலியெஸ்டர் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். வெறும் இரும்பில் மயிர் வழுக்கும். பழைய வலை ஈயத்தைத் தட்டி மெல்லிய நாடாவாக்கி நாலைந்து சுற்றுப் போட்டால் அலைக்குள்ளும் இரை தாழும். அதன்மேல் வெள்ளை நூலால் உடல், இடைவெளி விட்டுச் சரிகை. பிறகு முள்ளின் இரு மடங்கு நீளத்தில் வெள்ளை மயிரைக் கீழ்ப்பக்கம் வைத்துக் கட்டி, அதன் அடியில் விரல்நக நீளச் சிவப்பு நூல், கடைசியில் மேலே கறுப்பு மயிர். இரண்டும் சேர்ந்து அரைப் பென்சில் தடிப்புக்கு மேல் போகக்கூடாது. கூடினால் இரை தாழாது, இழுக்கும்போது சுழன்று தங்கூசியையும் முறுக்கிவிடும். மீனை ஏமாற்றுவது நிறத்தைவிட நனைந்த மயிரின் அசைவுதான் என்பதால் இதில் கஞ்சத்தனம் நல்லது.

முன்னே விட்ட இடத்தில் ஐந்தாறு கண்ணிமுடிச்சுகளைப் போட்டு, கியூடெக்ஸ் இரண்டு தடவை பூசி இரவு முழுவதும் காயவிடுங்கள்.

இது பாரமற்றது, தனியாக எறிந்தால் தூரம் போகாது. மூன்று நான்கு அடி முன்னால் ஒரு ஈயக்குண்டு வேண்டும். பெரியகல்லாறு முகத்துவாரம் போன்ற இடங்களில் வாவித் தண்ணீர் கடலுக்குள் இறங்கும் நேரத்தில், ஓட்டத்துக்குக் குறுக்கே எறிந்து, இழுத்து, ஒரு கணம் விட்டு, மறுபடி இழுங்கள். அந்த விட்ட கணத்தில்தான் மயிர் விரியும். கடியும் அனேகமாக அப்போதுதான் வரும். சீலா நடமாடும் இடமென்றால் முள்ளுக்கு முன்னே ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டாயம், அதன் பல் தங்கூசியை வெட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரமான ஒன்று மற்ற முட்களுக்கும் துருவேற்றிவிடும்.