கேட்டதில் பிடித்தது – 9: பொங்கல் பயணத்துக்குச் சில குரல்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் எதைக் கேட்கலாம் என்று யார் விசாரித்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கூட யார் வருகிறார்கள்? ஆம்னி பஸ்ஸின் மேல் படுக்கையில் தனியாகப் போகிறவருக்குச் சொல்வதை, மாமியாரும் மைத்துனரும் பிள்ளைகளுமாகக் காரில் போகிறவருக்குச் சொல்ல முடியாது. ‘சீரியல்’ பாட்காஸ்டின் முதல் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிமோரில் 1999இல் நடந்த ஒரு பள்ளி மாணவியின் கொலையை சாரா கோனிக் வாரம் ஒரு பகுதியாகத் தோண்டிக்கொண்டு போனது 2014இல். உலகமே பாட்காஸ்ட் பக்கம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இரவுப் பயணத்தில் தனியாகக் கேட்டால் விழுப்புரம் தாண்டியதே தெரியாது. பின்சீட்டில் எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் தொடவே வேண்டாம்.

கூடி உட்கார்ந்து கேட்பது நமக்கொன்றும் புதிதல்ல. ஞாயிறு மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டால் தெருவே அடங்கிய காலம் இருந்தது. ‘விதி’ படத்தின் வசன கேசட் ஓடாத டீக்கடையும் கல்யாண வீடும் எண்பதுகளில் குறைவு. படம் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த நீதிமன்றக் காட்சி மனப்பாடம். எனவே குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசில் புதுமை எதுவும் இல்லை. ‘பொன்னியின் செல்வன்’தான்.

படமாகப் பார்த்தாயிற்றே என்பார்கள். அதனால் என்ன? 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை அது. அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்கவிட வேண்டும் என்ற கணக்கோடுதான் அத்தியாயங்கள் முடிகின்றன. டீ குடிக்க வண்டியை நிறுத்தினால் ‘அதுக்குள்ள நிறுத்திட்டீங்களே’ என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும். கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்களுக்கு இன்னொரு கொடுப்பினை. சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது முதல் அத்தியாயத்தைப் போட்டுப் பாருங்கள். வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, அதாவது நம் வீராணம், பக்கத்திலேயே இருக்கும்.

இதில் யாருடைய குரல் என்பது முக்கியம். பாம்பே கண்ணன் தயாரித்த ஒலிநூலில் பாத்திரத்துக்கு ஒரு குரல், பின்னணி இசை எல்லாம் உண்டு. கிட்டத்தட்ட வானொலி நாடகம். தீபிகா அருண் தம் ‘கதை ஓசை’யில் ஒற்றைக் குரலில் வாசிக்கிறார். காரில் பலர் இருந்தால் முன்னது சௌகரியம். பேசுவது பழுவேட்டரையரா ஆழ்வார்க்கடியானா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தனியாகக் கேட்பவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். நடிகையின் குரலில் நந்தினி பேசினால் அவள் எப்படிப்பட்டவள் என்பதை அந்தக் குரலே தீர்மானித்துவிடுகிறது. ஒற்றைக் குரல் வாசிப்பு அதை நம்மிடமே விட்டுவிடுகிறது. போக வரப் பயணத்தில் ஐந்து பாகத்தையும் முடிப்பது நடக்காத காரியம். முதல் பாகம் முடிந்தாலே பெரிது.

நல்ல புத்தகம் எல்லாம் நல்ல ஒலிநூல் ஆகிவிடாது. மௌனியையும் லா.ச.ரா.வையும் சுங்கச்சாவடிக்கும் சுங்கச்சாவடிக்கும் நடுவில் கேட்பது பாவம். ஒரு வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்காரும் இடம் அவர்களுடையது. ஒலியோ நிற்காமல் ஓடிவிடும். காதுக்கு ஏற்றவர் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் பேச்சுத்தானே பாதி? கி. ராஜநாராயணனும் அப்படித்தான், கரிசல் பேச்சு நாக்கில் படிந்தவர் வாசித்தால். படியாதவர் வாசித்தால் செய்தி அறிக்கை மாதிரி இருக்கும். வாசிப்பே வேண்டாம், கதையாகச் சொன்னால் போதும் என்பவர்களுக்குத் திருவண்ணாமலை பவா செல்லதுரை இருக்கிறார். மூலத்தில் இல்லாததையும் அவர் சேர்த்துவிடுகிறார் என்று சிலர் குறைபடுவதுண்டு. கதைசொல்லியிடம் போய்ப் பிரதிக்கு ரசீது கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆங்கிலம் கேட்கக்கூடியவர்களுக்கு ட்ரெவர் நோவாவின் ‘பார்ன் எ கிரைம்’. 1984இல், நிறவெறிச் சட்டம் இருந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்தவர் அவர். அந்த நாட்டுச் சட்டப்படி அவர் பிறப்பே குற்றம். எந்தக் கும்பலிடம் மாட்டினாலும் அவர்கள் பாஷையில் பேசித் தப்பித்துக்கொள்வதுதான் புத்தகத்தின் உயிர். அச்சில் ஹோசா, ஜூலு வார்த்தைகள் வரும் இடத்தில் நம் கண் தாவிப் போய்விடும். ஒலிநூலில் அவரே பேசுகிறார். நாக்கைச் சொடுக்கும் ஹோசா ஒலிகளும் அம்மாவின் அதட்டலும் காதில் விழும்போதுதான் அந்தப் பையன் எப்படிப் பிழைத்தான் என்பது விளங்குகிறது.

விமானத்திலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு பிபிசி உலக சேவை 2019இல் வெளியிட்ட ‘13 மினிட்ஸ் டு த மூன்’. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய கடைசி 13 நிமிடங்கள்தான் விஷயம். 1969 ஜூலை 20 அன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே கலத்தின் கணினி ‘1202’ என்ற எச்சரிக்கையைக் காட்டுகிறது. அது என்னவென்று ஆம்ஸ்ட்ராங்குக்குத் தெரியாது. இறங்கலாமா, திரும்புவதா என்று சில நொடிகளில் சொல்ல வேண்டியவர் ஹூஸ்டனில் இருந்த ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவருக்குப் பின்பலமாக இருந்த ஜாக் கார்மனுக்கு 24. எச்சரிக்கை எண்களையெல்லாம் கையால் எழுதி வைத்திருந்தவர் அவர். இறங்கலாம் என்றார்கள். தொடரை நடத்தும் கெவின் ஃபாங் ஒரு மருத்துவர். கணினி ஏன் திணறியது, எரிபொருள் ஏன் கடைசிச் சொட்டுவரை போனது என்று பகுதி பகுதியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் அந்த நிமிடங்களின் ஒலிப்பதிவையே ஓடவிடுகிறார். அதற்குள் கரகரக்கும் ஒவ்வொரு குரலும் யாருடையது என்று நமக்குத் தெரிந்திருக்கும். முடிவு தெரிந்த கதைதான்; உள்ளங்கை வேர்ப்பது வேர்க்கத்தான் செய்கிறது.

தூக்கம் வராதவர்களுக்கு பிபிசியின் ‘இன் அவர் டைம்’. 1998இல் தொடங்கி 2025 வரை மெல்வின் பிராக் நடத்தியது. மூன்று பேராசிரியர்கள், ஒரு தலைப்பு, முக்கால் மணி நேரம். நடுவில் தூங்கிப்போனாலும் குற்றமில்லை.

எல்லாவற்றையும் வீட்டிலேயே தரவிறக்கம் செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் சிக்னலை நம்ப முடியாது. ஓட்டுகிறவர் இயர்போன் மாட்டக் கூடாது. கதையை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

திரும்பி வரும் இரவு பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், எல்லோருக்கும் அலுப்பாக இருக்கும். நீளமான எதுவும் அப்போது செல்லாது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ பதிவுகள் யூடியூபில் நிறையக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் சில நிமிடம், கடைசியில் ஒரு சிரிப்பு. ஐந்தாறு கேட்பதற்குள் பெருங்களத்தூர் வந்துவிடும்.

(தொடரும்)