கேமராக்கள் ஏராளம், கண்கள் இரண்டு

களியக்காவிளை கொலை தந்த பாடம்: படம் பிடித்தால் மட்டும் போதாது, பார்க்கவும் ஆள் வேண்டும்

2020 ஜனவரி 8. இரவு ஒன்பதரை மணி இருக்கும். தமிழக-கேரள எல்லையில், களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் இருட்டில் மறைந்தார்கள். ஆனால் அருகிலிருந்த பள்ளிவாசல் கேமராவில் இருவர் ஓடும் காட்சி பதிவாகியிருந்தது. கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரையிலும் சந்தேகத்துக்குரிய இருவர் பையுடன் நடந்துபோகும் காட்சி கிடைத்தது. ஆறே நாட்களில், ஜனவரி 14 அன்று, கர்நாடகத்தின் உடுப்பியில் இருவர் பிடிபட்டார்கள். பிறகு வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போனது.

கேமரா ஜெயித்துவிட்டது என்று பலரும் மெச்சிக்கொண்டார்கள். அது பாதி உண்மைதான். நடந்ததைக் கேமரா சொன்னது, நடக்கவிருந்ததைத் தடுக்கவில்லை. கடைகளிலும் வழிபாட்டுத் தலங்களிலும் உள்ள கேமராக்கள் பெரும்பாலும் பதிவு செய்ய மட்டுமே. அவற்றின் திரைக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பவர் யாரும் இருப்பதில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இது சாதாரணக் குறை அல்ல. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. காகிதத்தில் விழுந்த அந்தக் கோட்டை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சந்துகள் மதிப்பதில்லை. ரேஷன் அரிசி மேற்கே கடத்தப்படுவதும் கோழிக் கழிவு கிழக்கே வந்து கொட்டப்படுவதும் இங்கே பழைய கதை. நெடுஞ்சாலையில் காவல் இறுகினால் வண்டி சந்துக்குள் திரும்பும். எனவே ஒரே நேரத்தில் பல இடங்களைப் பார்த்தாக வேண்டும்.

சிக்கல் திரையில் தொடங்குகிறது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு மானிட்டரில் 16 கேமராக்களை அடுக்கினால், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 480-க்கு 270 புள்ளிகள்தான். லாரி தெரியும், நம்பர் பிளேட் தெரியாது. ஒன்றைப் பெரிதாக்கினால் மற்ற 15-ம் மறைந்துபோகும். பழைய பதிவைத் திருப்பிப் போட்டாலோ, அத்தனை நேரமும் சாலையைப் பார்க்க ஆளில்லை.

இதற்குத்தான் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு, மூன்று மானிட்டர்களை இணைக்கிறார்கள். முதல் திரையில் எல்லாக் கேமராக்களும் சிறு கட்டங்களாக. இரண்டாவதில் சந்தேகத்துக்குரிய இடம் முழு அளவில். மூன்றாவதில் பழைய பதிவு. எந்தக் காட்சி எந்தத் திரைக்கு என்பதை சாஃப்ட்வேர் நினைவில் வைத்திருந்தால், மின்சாரம் போய் வந்தாலும் மறுபடி அடுக்க வேண்டியதில்லை. சிறு கட்டங்களுக்குக் குறைந்த தரப் படத்தை அனுப்புவதும் முக்கியம். எல்லாவற்றையும் முழுத் தரத்தில் காட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் திணறும், படம் உறையும்.

திரைகள் கூடலாம், கண்கள் கூடுவதில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் இருபதே நிமிடங்களில் வெகுவாகச் சரிந்துவிடும் என்று 1999-லேயே எச்சரித்தது, அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுப் பிரிவு வெளியிட்ட ஒரு கையேடு. எனவே அசைவு தெரிந்தால் மட்டும் அந்தக் காட்சி தானாகப் பெரிய திரைக்கு வரும்படி அமைப்பது நல்லது. பார்ப்பவரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். உண்மையான செலவு மானிட்டருக்கு அல்ல; மூன்று ஷிப்டும் அதன் எதிரே உட்காரும் ஆட்களுக்கு.

இன்னொரு தொல்லை கடிகாரம். ஒரு கடையின் பதிவுக் கருவி ஐந்து நிமிடம் முந்தியும், அடுத்த கடையுடையது ஐந்து நிமிடம் பிந்தியும் ஓடினால், யார் எப்போது எங்கே போனார் என்று கோர்ப்பதற்குள் துப்பறிபவருக்கு மண்டை காய்ந்துவிடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும், இத்தகைய பதிவுக்கு நீதிமன்றம் சான்றிதழ் கேட்கிறது.

பாறசாலையைத் தாண்டும் வண்டி சில நிமிடங்களில் களியக்காவிளையில் இருக்கும். அதற்குள் அங்கே இருப்பவருக்குத் தகவல் போக வேண்டும். இரு மாநிலப் போலீசும் எத்தனை திரைகள் வாங்கினாலும், அதில் ஒன்றையாவது எல்லைக்கு அப்பால் உள்ள காட்சிக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம். தப்பி ஓடுபவன் எல்லைக் கல்லைப் பார்த்து நிற்கப்போவதில்லை.