கேரட் போட்டால் பிஸ்கட் மருந்தாகிவிடாது

பெங்களூருவில் நவம்பர் கடைசியில் குளிர் இறங்கும். வீடுகளில் ஓவன் சூடேறும். பசவனகுடியில் கடலைக்காய் பரிஷே முடிந்து, கிறிஸ்துமஸ் கடந்து, சங்கராந்தி வரும்வரை என்னைத் தேடி ஒரு தனிக் கூட்டம் வருகிறது. மைசூர்பாகைத் தொடாதவர்கள். காபியில் சர்க்கரையை எப்போதோ விட்டவர்கள். ஆனால் மூன்று மாதச் சர்க்கரை அளவு மட்டும் ஏறியிருக்கும். என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று துருவிக் கேட்டால் கைப்பையிலிருந்து ஒரு டப்பா வெளியே வரும். கேரட், ராகி, பட்டை, சுக்கு எல்லாம் போட்ட வீகன் குக்கீஸ். "இது ஹெல்தி டாக்டர், நீங்களும் ஒண்ணு எடுத்துக்கோங்க."

எடுத்துக்கொள்வேன். நன்றாகவே இருக்கும். முட்டை, பால், வெண்ணெய், தேன் எதுவும் சேராத இந்தப் பிஸ்கட்டின் மீது எனக்குப் பகை இல்லை. மாலை நான்கு மணிக்கு ஒன்று தின்றால் யாருக்கும் எதுவும் ஆகாது. என் சண்டையெல்லாம், அதை மருந்தாக நினைத்து டப்பா டப்பாவாகத் தின்பவர்களோடும், அதில் பட்டை இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தியவர்களோடும்தான்.

"சர்க்கரையே சேர்க்கல, வெல்லந்தான்"

இந்த ஒரு வாக்கியத்தை நான் கேட்காத வாரம் கிடையாது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தென்னஞ்சர்க்கரை, பேரீச்சம்பழ விழுது என்று பெயர் மாறும், பதில் மாறாது. வெல்லத்தில் பெரும்பங்கு சர்க்கரைதான். 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரி என்றால், அதே எடை வெல்லத்தில் 380 சுற்றி. உங்கள் கணையத்துக்கு நிறம் பார்க்கத் தெரியாது. இரும்புச்சத்து இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கொஞ்சம். ரத்தசோகையை அந்தக் கொஞ்சத்தைக் கொண்டு சரிசெய்ய வேண்டுமானால், அதற்குள் சர்க்கரை நோய் முந்திக்கொள்ளும்.

கணக்குப் பார்ப்போம். இருபது பிஸ்கட்டுக்கு 150 கிராம் வெல்லம் போடுவது வீடுகளில் சாதாரணம். ஒன்றுக்கு ஏழரை கிராம். டீயோடு நான்கு தின்றால் 30 கிராம். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, நோயே இல்லாத பெரியவர்களுக்கு. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதைவிடப் பெரிய கூட்டம் நோயின் வாசற்படியில் நிற்கிறது. அங்கே நிற்பதே தெரியாமல் டப்பாவைத் திறப்பவர்கள் அவர்கள்.

ராகிக்கும் இது பொருந்தும். ராகி நல்ல தானியம். 100 கிராமில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, பால் குடிக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அது மாவுச்சத்துதான். நைசாக அரைத்த ராகி மாவு சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கர்நாடகத்தின் செல்லத் தானியம் என்பதற்காக அது கர்நாடகக்காரர்களிடம் மட்டும் கருணை காட்டாது.

டால்டாவும் வீகன்தான்

மைதா வீகன். சர்க்கரை வீகன். பாமாயில் வீகன். டால்டாவும் வீகன்தான். விலங்கை வதைக்காமல் இருப்பது நல்ல நோக்கம், மதிக்கிறேன். ஆனால் அந்த முத்திரை விலங்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது, உங்கள் ரத்தக்குழாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. வனஸ்பதியில் மாறுபக்கக் கொழுப்பு (டிரான்ஸ் ஃபேட்) 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 முதல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துவிட்டது. நல்ல செய்தி. நிறைகொழுப்பு அப்படியே இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் பெரும்பகுதியும் நிறைகொழுப்புதான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் அதைக் கப் கணக்கில் ஊற்றி பிஸ்கட் சுடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு பிஸ்கட்டில் எவ்வளவு காய்?

குழந்தை காய்கறி தின்பதில்லை, அதனால் பிஸ்கட்டில் ஒளித்துக் கொடுக்கிறேன் என்று தாய்மார்கள் பெருமையோடு சொல்கிறார்கள். ஒரு கப் துருவிய கேரட் சுமார் 100 கிராம். இருபது பிஸ்கட்டில் அதைப் பங்கிட்டால் ஒன்றுக்கு ஐந்து கிராம். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டியில் ஒரு நாளைக்குச் சொல்லும் காய்கறி 400 கிராம். அதைப் பிஸ்கட் வழியாகவே எட்டவேண்டுமானால் எண்பது தின்ன வேண்டும். சாம்பாரில் கிடக்கும் இரண்டு துண்டு கேரட், ஒரு பிஸ்கட்டைவிட அதிகக் காயைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடுகிறது.

பீட்ரூட் போட்டுச் சுட்டால் மறுநாள் சிறுநீரும் மலமும் சிவக்கலாம். ரத்தம் என்று அலறி நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டாம். முந்தைய நாள் என்ன தின்றீர்கள் என்று யோசியுங்கள். பீட்ரூட்டே தின்னாமல் சிவந்தால் உடனே வாருங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட்டும் பாதாம் மாவும் சேர்ந்த பிஸ்கட்டைத் தவிர்ப்பது நல்லது. இரண்டிலுமே ஆக்சலேட் அதிகம்.

பட்டைத் தூளை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள்

எனக்குக் கோபம் வரும் இடம் இது. "தினமும் காலையில ஒரு ஸ்பூன் பட்டைத் தூள் வெந்நீர்ல, சாயந்திரம் பட்டை போட்ட பிஸ்கட். அதான் மாத்திரை வேண்டாம்னு விட்டுட்டேன்." விட்டு எத்தனை மாதம் ஆனது என்று கேட்டால் பதில் வராது, கண் மங்குகிறது என்ற புகார் மட்டும் வரும். பட்டை சர்க்கரையைக் குறைக்குமா என்று உலகெங்கும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதியது. வாசனைக்குப் போடுங்கள். வைத்தியத்துக்குப் போடாதீர்கள்.

அதிகமானால் கெடுதலும் உண்டு. மளிகைக் கடையில் நாம் வாங்கும் தடித்த, ஒற்றைச் சுருளான பட்டை பெரும்பாலும் காசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள்தோறும் 2 கிராம் காசியாவையே எல்லையாகச் சொல்கிறது. ஒரு டீஸ்பூன் தூள் அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். இலங்கைப் பட்டை மெல்லியது, பல அடுக்காகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். அதில் கூமரின் மிகக் குறைவு. தினமும் சேர்ப்பவர்கள் விலை கொஞ்சம் கூடினாலும் அதை வாங்குங்கள்.

தூளாக வாங்குவதில் வேறொரு ஆபத்து இருக்கிறது. 2023 கடைசியில் அமெரிக்காவில் பட்டை கலந்த ஆப்பிள் கூழைத் தின்ற குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. அந்தக் கூழில் சேர்த்த பட்டைத் தூளில்தான் ஈயம் இருந்தது. முழுப் பட்டையை வாங்கி வீட்டு மிக்ஸியில் அரைப்பது ஐந்து நிமிட வேலை.

ஜாதிக்காய்க்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். பிஸ்கட் மாவு மொத்தத்துக்கும் ஒரு சிட்டிகை போதும். இரண்டு டீஸ்பூன் அளவுக்கு ஒருவர் உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், வாய் வறண்டு, இல்லாதது கண்ணில் தெரியும். குழந்தை தூங்கவில்லை என்று பாட்டி ஜாதிக்காயை உரைத்து நாக்கில் தடவுவதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். அம்மா, அது தாலாட்டு இல்லை. கைக்குழந்தைக்கு எந்த அளவு பாதுகாப்பு என்று யாராலும் சொல்ல முடியாத பொருள் அது.

மரத்த பாதத்தோடு தாமதமாக வருபவர்கள்

பால், தயிர், முட்டை எல்லாவற்றையும் விட்டு நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். பாதம் மரத்துப்போகிறது, பஞ்சில் நடப்பதுபோல இருக்கிறது, இருட்டில் தடுமாறுகிறது. நாக்கு எரியும். பெயர்கள் மறக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் என்றால், எல்லாம் சர்க்கரையால்தான் என்று அவரே முடிவு கட்டிவிடுவார். பல சமயம் காரணம் பி12 வைட்டமின் குறைவு. மெட்ஃபார்மினே நாளடைவில் அதைக் குறைக்கும். வீகன் உணவில் அது இயற்கையாகக் கிடைக்கவே கிடைக்காது. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தால் நரம்பு தாங்காது.

வீகனாக மாறிய உடனே எதுவும் தெரியாது என்பதுதான் சிக்கல். ஈரலில் பழைய சேமிப்பு சில ஆண்டுகளுக்கு ஓடும். தீர்ந்தபிறகு வரும் தொந்தரவுக்கு நம் ஆட்கள் செய்வது என்ன? நல்லெண்ணெய் தேய்ப்பு. பிறகு வெந்நீரில் உப்புப் போட்டுப் பாதத்தை ஊறவைப்பது. உணர்ச்சி இல்லாத காலுக்குச் சூடு எப்படித் தெரியும்? கொப்புளத்தோடும் புண்ணோடும் வருகிறார்கள். மருந்துக் கடையில் கேட்டு ஃபோலிக் அமிலம் மட்டும் விழுங்குபவர்கள் இன்னொரு வகை. ரத்தம் ஏறியதாக அறிக்கை காட்டும். நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். ஸ்பைருலினாவில் இருக்கிறதே என்பவர்களுக்கு: அதில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். புளித்த இட்லி மாவும் பழைய சோறும் எனக்கும் பிடிக்கும், ஆனால் பி12-க்கு அவற்றை நம்பி உட்கார முடியாது. வீகன் என்றால் பி12 மாத்திரை உண்டு. இதில் பேரம் கிடையாது.

பாதம் மரத்தால் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகள்: வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, பி12, ரத்த அணுக்கள்.

'எக்லெஸ்' பலகையும் பால் ஒவ்வாமையும்

இந்த ஊருக்கு முட்டையில்லா பேக்கரி புதிதல்ல. 1898-இல் சிக்பேட்டையில் திருமலாச்சார் தொடங்கிய பி.பி. ஐயங்கார் பேக்கரியின் வழியில் இன்று தெருவுக்கு ஒரு ஐயங்கார் பேக்கரி இருக்கிறது. 'எக்லெஸ்' என்று பலகை தொங்கும். முட்டை இல்லை, சரி. வெண்ணெயும் பாலும் உண்டு. பாக்கெட்டின் பச்சைப் புள்ளிக்கும் அதே பொருள்தான். பால் சேர்ந்த பண்டத்துக்கும் அது கிடைக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு எக்லெஸ் பிஸ்கட்டை நம்பிக் கொடுத்துவிட்டு, உதடு வீங்கி மூச்சுத் திணற ஓடி வருகிறார்கள். வீகன் பண்டங்களுக்கென்று தனி முத்திரையும் 2022-இல் தனி விதிகளும் வந்துவிட்டன. அதைத் தேடுங்கள். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டம்மா சுட்டு விற்பதாக இருந்தால் அவரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கிறதா, அதே கிண்ணத்தில் வெண்ணெய் பிசைந்தாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வெண்ணெய்க்குப் பதிலாக முந்திரியும் வேர்க்கடலையும் வருவதால் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடத்தான் செய்யும்.

மாவை நக்காதீர்கள்

முட்டை இல்லை, அதனால் பச்சை மாவைத் தின்னலாம் என்பது குழந்தைகள் பரப்பி, பெற்றோர் நம்பிவிட்ட கதை. மாவே சமைக்காத பொருள். 2016-இல் அமெரிக்காவில் ஈ. கோலை கிருமி இருந்த கோதுமை மாவால் பலர் நோயுற்று, மூட்டை மூட்டையாக மாவு திரும்பப் பெறப்பட்டது. கிண்ணத்தை வழித்து நக்கக் கொடுக்காதீர்கள்.

சுட்டே தீருவேன் என்றால்

100 கிராம் ராகி மாவு, 50 கிராம் கோதுமை மாவு. வெறும் ராகியில் பசை இருக்காது, உதிர்ந்துவிடும். ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைத் தூளை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவிட்டால் முட்டையின் வேலையைச் செய்யும். கேரட்டைத் துருவிப் பிழிந்து சேர்க்க வேண்டும். பிழியாவிட்டால் பிஸ்கட் களியாகிவிடும், அதை ராகி முத்தே என்று பெயர் சொல்லிப் பரிமாறலாம். பரங்கிக்காயும் நன்றாக வரும். வெல்லம் 50 கிராம் போதும். இனிப்புக் குறைவதை ஏலக்காய், சுக்கு, இரண்டு கிராம்பு, அரை டீஸ்பூன் பட்டை ஈடுகட்டும். கடலை எண்ணெய் 50 மில்லி, ஒரு கை வறுத்த வேர்க்கடலை, கால் டீஸ்பூன் சமையல் சோடா. பேக்கரிக்காரர்கள் போடும் அமோனியா வேண்டாம். சுடும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளை அது கூட்டும். 165 டிகிரியில் சுடுங்கள், பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு கண் வைத்திருங்கள், பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள். வெல்லம் போட்டது சட்டென்று கருகும். காயின் ஈரம் இருப்பதால் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான். பூஞ்சை பிடித்த இடத்தைச் சுரண்டிவிட்டு மிச்சத்தைத் தின்னும் சிக்கனம் வேண்டாம்.

சர்க்கரை நோயாளிக்கு ஒன்று. போனால் இரண்டு, அன்றைய சாப்பாட்டில் ஒரு கை சோற்றைக் குறைத்துக்கொண்டு. இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

மாத்திரையை நிறுத்துவதற்கு முன் ஒரு முறை வந்து கேளுங்கள். திட்டமாட்டேன், திட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதம் மரத்தால் எண்ணெயோடு ஆறு மாதம் போராடாமல் அந்த வாரமே காட்டுங்கள். வீகனாக மாறும் பிள்ளைகளை வீட்டில் கேலி செய்து விரட்டாதீர்கள். பி12 மாத்திரையை வாங்கிக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பட்டைக் கஷாயம் அனுப்பும் சித்தப்பாவுக்கு இந்தக் கட்டுரையை அனுப்புங்கள்.

இன்னொன்று. இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை தாழ்ந்தால் தின்பதற்கென்று இந்தப் பிஸ்கட்டைப் பையில் வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அது உதவாது. அதிலுள்ள கொழுப்பும் நாரும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்தில் நமக்கு வேண்டியது வேகம். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறியபிறகு வேண்டுமானால் அந்த டப்பாவைத் திறக்கலாம்.