போட்டோ பிரிண்டர் வாங்கலாமா? ஒரு கடைக்காரர் கணக்கு

அண்மைக் காலமாக நம் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளைகளின் படம், குடும்பப் படம் எல்லாம் செல்போனிலேயே கிடக்கிறது. வீட்டில் ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கிப் போட்டால் வீட்டுக்கும் ஆகும், கடையில் பாஸ்போர்ட் சைஸ் படம் போட்டுக் கொடுத்து நாலு காசும் பார்க்கலாமே?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் மெஷின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யும் விஷயமல்ல இது. மாவு மில் வைப்பதற்கு முன் எப்படிக் கணக்குப் பார்ப்போமோ அப்படிப் பார்க்க வேண்டியது.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு காலத்தில் படம் என்றால் ஸ்டூடியோதான். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் செய்து கொடுத்தது. அந்தக் கறுப்பு வெள்ளைப் பேப்பரில் தமிழ்நாட்டில் எத்தனையோ கல்யாணப் படங்கள் அச்சாகின. 1993-ல் தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் வாக்காளருக்குப் புகைப்பட அடையாள அட்டை என்று கொண்டுவந்த பிறகு, படமே எடுத்துக்கொள்ளாத கிராமத்துப் பெரியவர்களும் கேமரா முன் உட்கார்ந்தார்கள். அதன்பின் ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, கல்விக் கடன் என்று எதற்கெடுத்தாலும் "இரண்டு போட்டோ கொண்டு வாங்க" என்றார்கள்.

இன்று அந்தக் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஆதார் எடுக்குமிடத்தில் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலும் பெரியவர்களுக்கு அங்கேயே படம் எடுத்துவிடுகிறார்கள்; நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத்தான் கையில் படம் கொண்டுபோக வேண்டும். அரசு வேலைத் தேர்வு விண்ணப்பங்களுக்குப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும், காகிதமே வேண்டாம். ஆகவே 'பாஸ்போர்ட் சைஸ்' என்று பெயர் இருந்தாலும், பாஸ்போர்ட்டுக்காக அந்தப் படம் கேட்டு வருபவர் குறைவுதான். இன்னும் நிற்கும் தேவை பள்ளிச் சேர்க்கை, கூட்டுறவுக் கடன் விண்ணப்பம், தொழிற்சாலை வேலை ஆகியவற்றில் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டுக்கும் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் நம் பகுதிப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். சேருகிற அன்று படிவத்தில் ஒட்ட நான்கு படம் வேண்டுமென்று முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு ஓடி வருவார்கள். அந்த நேரத்தில் ஊத்தங்கரைக்கு ஓட முடியாது. சாமல்பட்டியில் திறந்திருக்கும் மளிகைக் கடைக்கு அனுகூலமான இடம் இது ஒன்றுதான்.

மெஷின் இரண்டு ஜாதி

போட்டோ பிரிண்டர் என்று கடையில் காட்டுவதில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று மை தெளிப்பது, அதாவது இங்க்ஜெட். மற்றது ரிப்பனைச் சூடாக்கிப் படம் ஏற்றுவது, டை சப்ளிமேஷன் என்பார்கள். இரண்டுக்கும் குணம் வேறு. இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குபவர்கள்தான் ஆறு மாதத்தில் மெஷினைப் பரணில் போடுகிறார்கள்.

இங்க்ஜெட்டில் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் வழியாக மை தெளிக்கப்படுகிறது. முன்பெல்லாம் சின்ன கார்ட்ரிட்ஜில் மை வரும். மெஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு மையில் சம்பாதிப்பது கம்பெனிகளின் வழி. விளக்கை மலிவாகக் கொடுத்து மண்ணெண்ணெய் விற்ற பழைய கதையேதான். இதை மாற்றப் பார்த்த கோடாக் கம்பெனி 2007-ல் மையை மலிவாகத் தரும் பிரிண்டர்களை இறக்கிற்று. 2012-ல் அக்கம்பெனியே திவால் மனு கொடுத்து, அந்த வியாபாரத்தையும் விட்டது. நம் ஊர்ப்பக்க ஜெராக்ஸ் கடைகளில் கார்ட்ரிட்ஜில் ட்யூப் செருகி, பக்கத்தில் பாட்டில் வைத்து மை ஓட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். இந்தோனேசியாவிலும் இதே வித்தை நடந்தது. அதைப் பார்த்துத்தான் எப்சன் கம்பெனி 2010-ல் அங்கே டேங்க் வைத்த மெஷினை முதலில் விற்றது. இன்று டேங்க் மெஷின் எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கிறது. படத்துக்கென்றே ஆறு மை ஊற்றும் மாடல்களும் உண்டு. வழக்கமான நான்கு மையுடன் இளநீலமும் இளஞ்சிவப்பும் சேர்ந்திருக்கும். முகத்தின் நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் வருவது அந்த இரண்டால்தான்.

இதன் குறை, சும்மா இருந்தால் கெடும் என்பது. இரண்டு மூன்று வாரம் ஓட்டாமல் வைத்தால் துளையில் மை காய்ந்து, படத்தில் கோடு விழும். சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தினால் சரியாகும். ஆனால் ஒவ்வொரு முறையும் மை வீணாகி உள்ளே இருக்கும் பஞ்சுப் பட்டையில் போய்ச் சேரும். அந்தப் பட்டை நிறைந்தால் மெஷின் வேலை செய்ய மறுத்துவிடும், சர்வீஸ்காரரைத்தான் கூப்பிட வேண்டும். (சில புது மாடல்களில் அந்தப் பெட்டியை நாமே மாற்றலாம். வாங்கும்போது கேளுங்கள்.) இன்னொன்று, நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. இரவு கடை மூடும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவது நம் பழக்கம். இங்க்ஜெட் மெஷினை அப்படி நிறுத்தக் கூடாது. அதன் பட்டனை அழுத்தி நிறுத்தினால்தான் மைத் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். மூடாத தலை திறந்து வைத்த கோந்துப் புட்டியைப் போலக் காய்ந்துவிடும்.

ரிப்பன் மெஷினில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ரிப்பனில் வரிசையாக வண்ணம் பூசியிருக்கும். சூடு பட்டதும் வண்ணம் ஆவியாகிப் பேப்பரின் மேல்பூச்சுக்குள் இறங்குகிறது. நான்காவது முறையாக மேலே ஒரு கண்ணாடிப் பூச்சு விழும். அதனால் தண்ணீர் பட்டாலும் விரல் பட்டாலும் உடனே கெடாது. ஆறு மாதம் தொடாமல் வைத்தாலும் காய்ந்துபோக ஏதுமில்லை. பேப்பரும் ரிப்பனும் ஜோடியாக வரும். உதாரணமாக கேனன் செல்ஃபி மெஷினுக்கு 108 தாள் பெட்டி ஒன்று வாங்கினால், அதில் ஒவ்வொன்றும் 36 படம் போடும் மூன்று ரிப்பன் இருக்கும். ஆக ஒரு படம் என்ன விலை என்பது பெட்டி வாங்கும்போதே பைசா சுத்தமாகத் தெரிந்துவிடும். குறை என்னவென்றால், தபால் அட்டையளவே வரும், தாள் விலையும் கூடுதல்.

ஆகவே தினமும் ஓட்டுபவருக்கு டேங்க் மெஷின். எப்போதோ ஒரு முறை போடுபவருக்கு ரிப்பன் மெஷின். கடைக்காரர்கள் வழக்கமாக இதைத் தலைகீழாகச் சொல்லி விற்பார்கள், டேங்க் மெஷினில் "ஒரு படம் மலிவு" என்று. ஓடினால்தானே மலிவு!

பென்சிலும் காகிதமும்

இப்போது கணக்கு. கீழே போடும் விலைகள் உதாரணத்துக்கே. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். டேங்க் மெஷின் 18,000 ரூபாய், நான்கு வருடம் உழைக்கும் என்று வைப்போம். மாதத்துக்கு 375 ரூபாய் தேய்மானம். 4-க்கு 6 அங்குலப் படம் ஒன்றுக்குத் தாளும் மையும் 7 ரூபாய். அதே படத்தை லேபில் கொடுத்தால் 15 ரூபாய். மிச்சம் 8 ரூபாய். அப்படியானால் மாதம் 47 படம் போட்டால்தான் மெஷின் தன் தேய்மானத்தையே தூக்கும். வீட்டில் வருடத்துக்கு 200 படம் போடுபவர் லேபில் கொடுத்தால் 3,000 ரூபாய் ஆகும். சொந்த மெஷினில் தாளும் மையும் 1,400, தேய்மானம் 4,500, ஆக 5,900 ரூபாய். இதில் வீணாகும் தாள் சேரவில்லை. புதிதில் பத்துக்கு ஒன்றிரண்டு வீணாகாமல் இருக்காது. வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். பொழுதுபோக்காக ஆசைப்பட்டு வாங்குவது வேறு. அதற்குக் கணக்கு கிடையாது.

கடைக்கு என்றால் கணக்கு மாறும். பாஸ்போர்ட் படம் 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர். 4-க்கு 6 தாளில் நெருக்கி அடுக்கினால் எட்டு படம் பிடிக்கும். எட்டுப் படத்துக்கு 60 ரூபாய் வாங்கினால், தாள், மை, சேதாரம் போகச் சுமார் 50 நிற்கும். மாதம் எட்டு பேர் வந்தாலே மெஷின் தன் காலில் நின்றுவிடும். காகிதத்தில் பார்க்க அழகான கணக்குதான். ஆனால் ஒருவரை வெள்ளைத் திரை முன் நிறுத்தி, நிழல் விழாமல் எடுத்து, கம்ப்யூட்டரில் அளவு வெட்டி, அச்சிட்டு, கத்தரித்துக் கவரில் போட்டுக் கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். மாலை ஆறு மணிக்குத் தராசு முன்னால் ஐந்து பேர் நிற்கும்போது அந்தப் பதினைந்து நிமிடத்தை யார் கொடுப்பது? கல்லூரி படிக்கும் மகனோ மகளோ வீட்டிலிருந்தால் சரி. கல்லாவில் தனியாளாக இருப்பவர் 50 ரூபாய்க்காக 500 ரூபாய் சாமான் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பும்படி ஆகும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் கல்லாப் பக்கத்தில் நோட்டு ஒன்று வையுங்கள். படம் கேட்டு வருபவர், "இங்கே போட்டோ எடுப்பீங்களா" என்று விசாரிப்பவர், ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. ஜூன் மாதத்தில் மட்டும் எண்ணி ஏமாற வேண்டாம். அது பள்ளி திறக்கும் சீசன்.

மளிகைக் கடையில் மெஷின் வைப்பதாக இருந்தால் இடமும் பார்க்க வேண்டும். மாவுத் தூசியும் மிளகாய்ப்பொடியும் ரப்பர் உருளையில் படிந்தால் தாள் வழுக்கும். பளபளப்புத் தாள் ஈரக்காற்றில் சுருளும். கவரை மடக்கி மூடித்தான் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கித்தான் வரும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 4-க்கு 6 தாளில் தெளிவாக வர 1,200-க்கு 1,800 புள்ளியாவது இருக்க வேண்டும். இறந்தவர் படத்தைப் பந்தலில் வைக்கப் பெரிதாகக் கேட்டு வந்தால் அதை ஸ்டூடியோவுக்கே அனுப்பிவிடுவது நல்லது. அந்தப் படம் வீட்டுச் சுவரில் இருபது வருடம் தொங்கப்போகிறது. வெயிலில் வெளுக்கிற மையில் போட்டுக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர் தெரியாத மலிவு மையை ஊற்றினாலும் இதே கதி. முகம் பச்சை பாய்ந்துவிடும்.

வாடிக்கையாளர் படம் நம் கையில் இருப்பது சாதாரணப் பொறுப்பல்ல. தெருவில் உள்ள பெண்பிள்ளைகளின் படம் கடைக்காரர் செல்போனில் கிடக்கிறது என்றால் எவருக்கும் மனம் ஒப்பாது. அச்சிட்டு முடிந்ததும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். ரிப்பன் மெஷினில் தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அச்சிட்ட ஒவ்வொரு முகமும் பழைய நெகட்டிவ் போல அதில் இருக்கும். அதை அப்படியே குப்பையில் போடாமல் துண்டுதுண்டாக வெட்டிப் போட வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்து அதேபோல் செய்து தரச் சொல்பவர்களுக்கும், ரூபாய் நோட்டை விளையாட்டுக்குக் கலரில் போடச் சொல்லும் பையன்களுக்கும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லுங்கள். நோட்டு விஷயம் ஜெயிலில் போய் நிற்கும்.

ஜி.எஸ்.டி. பக்கம்

இதுதான் பலர் கவனிக்காத இடம். சரக்கு மட்டுமே விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்ற சலுகை 2019 ஏப்ரல் முதல் இருக்கிறது. சேவையும் செய்பவருக்கு வரம்பு 20 லட்சம்தான். வாடிக்கையாளரின் படத்தை அச்சிட்டுக் கொடுப்பது சேவை. ஆகவே 30 லட்சம் விற்றுமுதல் உள்ள, பதிவு இல்லாத மளிகைக்காரர், மாதம் எட்டுப் பேருக்குப் படம் போட்டு 400 ரூபாய் சம்பாதிக்கப் போய், மொத்தக் கடைக்கும் பதிவு எடுக்க வேண்டிய நிலைக்கு வரலாம். விற்றுமுதல் என்பதில் வரியில்லாத அரிசி, காய்கறியும் சேரும் என்பதை மறக்க வேண்டாம். பீடி, சிகரெட், ஐஸ்கிரீம் விற்பவர்களுக்கு அந்த 40 லட்சச் சலுகை முதலிலிருந்தே கிடையாது. காம்போசிஷனில் உள்ளவர்கள் விற்றுமுதலில் பத்து சதவிகிதம் அல்லது 5 லட்சம், இதில் எது அதிகமோ அதுவரை சேவை செய்யலாம். அவர்களுக்கு இது தொல்லையில்லை. ஆனால் மெஷின் வாங்கும்போது கட்டிய 18 சதவிகித வரியை அவர்களால் திரும்ப எடுக்க முடியாது. சாதாரணப் பதிவில் உள்ளவர் எடுக்கலாம். எதற்கும் மெஷின் வாங்குமுன் உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெங்களூரு பக்கத்தில்தானே என்று அங்கே போய் மெஷின் வாங்கி வருபவர்கள் பில்லைப் பார்த்து வாங்க வேண்டும். நம் பதிவு எண் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. என்று எழுதியிருந்தால் வரி நம் கணக்கில் வரும். கர்நாடகத்து எஸ்.ஜி.எஸ்.டி. போட்டுவிட்டால் அந்த வரவு நமக்கு இல்லை. மலிவு என்று நினைத்தது அங்கேயே சமமாகிவிடும். அந்தக் கம்பெனிக்குக் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ சர்வீஸ் உண்டா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ரிப்பேருக்கு ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மெஷின் வாங்காமலே இந்த வியாபாரத்தில் கொஞ்சம் பங்கு எடுக்க ஒரு வழி உண்டு. ஸ்டூடியோ வைத்திருப்பவரும் வணிகர்தான். தெருவுக்கு நான்கு மளிகைக் கடையில் பிரிண்டர் வந்தால் முதலில் சாய்வது அவர் கடைதான். அவரிடமே பேசி, நம் கடையில் படத்தை வாங்கி அனுப்புவது, அவர் அச்சிட்டு மாலை பஸ்ஸிலோ பையன் மூலமோ கொடுத்தனுப்புவது, செட்டுக்கு இத்தனை ரூபாய் கமிஷன் என்று வைத்துக்கொள்ளலாம். (கமிஷனும் சேவைக் கணக்குதான், மேலே சொன்ன 20 லட்சம் இதற்கும் பொருந்தும்.) கணக்கை வாரம் ஒரு முறை, சனிக்கிழமை கல்லா எண்ணும்போது தீர்த்துவிட வேண்டும், மாதக் கடைசி வரை விட்டால் யார் எத்தனை செட் என்பதில் தகராறு வரும்.