மேடையின் முகங்கள்

வெளிச்சம் பிடித்தவர்கள் – 9

திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். இன்றைக்கும் கச்சேரிகளில் அவற்றைக் கேட்கிறோம். பாடியவர் முகம் எப்படி இருந்தது என்று ஒரு குழந்தை கேட்டால், ஓவியங்களைத்தான் காட்ட முடியும். அவர் மறைந்தது 1847இல். பாரிசில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்டு அப்போது எட்டே வருடங்கள்தான் ஆகியிருந்தன.

அங்கிருந்து எண்பது, தொண்ணூறு வருடம் தள்ளி வந்தால் எஸ்.ஜி.கிட்டப்பா. 1906இல் செங்கோட்டையில் பிறந்தவர். கன்னையா கம்பெனி நாடகங்களில் பாடி, தமிழ்நாட்டையே கொட்டகைக்கு இழுத்தவர். 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் போய்விட்டார். ஒரு பேசும்படத்தில்கூட நடிக்கவில்லை. குரல் இசைத்தட்டில் இருக்கிறது. முகம் சில புகைப்படங்களில் இருக்கிறது. அந்தப் படங்களை எடுத்தவர் யார்? நாம் புத்தகங்களிலும் பத்திரிகைகளிலும் பார்க்கும் பிரதிகளில் அந்தப் பெயர் இருப்பதில்லை.

பாடகரையும் ஆடுபவரையும் படம் பிடிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றியது இந்த வாரம். அதற்கு முன், சென்ற வாரம் சொன்ன ஸ்டூடியோக்களைத் தொட்டுவிட்டுப் போகலாம்.

அந்தக் காலத்து நாடகக்காரர்கள் வேஷத்தோடு ஸ்டூடியோவுக்குத்தான் போனார்கள். கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய நிறைய வெளிச்சம் வேண்டும். கொட்டகை விளக்கு அதற்குப் போதாது. அதனால் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் ராஜாவும் ராணியும் அசையாமல் நின்றார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். நியூயார்க்கில் ஹெர்மன் மிஷ்கின் என்று ஒருவர் இருந்தார். ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் நகரில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர். ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் 1906இல் தொடங்கிய மன்ஹாட்டன் ஆபரா ஹவுஸின் பாடகர்களைப் படமெடுத்தார். 1910இல் ஹாமர்ஸ்டைன் ஆபரா தொழிலைக் கைவிட்ட பிறகு, மெட்ரோபாலிட்டன் ஆபராவின் புகைப்படக்காரராக நெடுங்காலம் இருந்தார். ஆபரா என்பது ஏறக்குறைய நம் இசை நாடகம்தான்: கதை முழுக்கப் பாட்டிலேயே நடக்கும். கரூசோ போன்ற பெரும் பாடகர்கள் என்னென்ன வேஷம் கட்டினார்கள் என்பதை இன்று நாம் பார்க்க முடிவது மிஷ்கின் போன்றவர்களால்தான். அந்தப் படங்களில் அவர் பெயரும் இருக்கிறது.

கிட்டப்பாவுக்கும் கரூசோவுக்கும் இப்படி ஸ்டூடியோதான் மேடையாயிற்று. பாடிக்கொண்டிருக்கும்போதே பாடகரின் முகத்தைப் பிடிப்பது அடுத்த தலைமுறைக்குக் கிடைத்த வாய்ப்பு. இந்தியாவில் அந்த வாய்ப்பை முழுதாக எடுத்துக்கொண்டவர் தில்லியின் அவினாஷ் பஸ்ரிச்சா.

அவர் பிறந்தது 1936இல். ஜன்பத் சாலையில் ‘டெல்லி போட்டோ கம்பெனி’ அவர்கள் குடும்பத்தின் கடை. வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் மூக்கின் நிழல் எங்கே போகும் என்பதெல்லாம் வீட்டிலேயே கிடைத்த படிப்பு. அமெரிக்கத் தகவல் துறை தில்லியிலிருந்து வெளியிட்ட ‘ஸ்பான்’ பத்திரிகையில் புகைப்பட ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் ஓய்வு பெற்றார். சம்பளம் அந்த வேலையில் வந்தது. மனம் சாயங்காலங்களில், தில்லியின் கச்சேரி அரங்குகளில் இருந்தது. யாமினி கிருஷ்ணமூர்த்தி, சோனல் மான்சிங், பிர்ஜு மகராஜ், கேளுசரண் மகாபாத்ரா, பீம்சேன் ஜோஷி என்று தலைநகரின் மேடைகளில் ஆடிய, பாடிய பெரிய கலைஞர்களையெல்லாம் பல பத்தாண்டுகள் படமெடுத்தார்.

இந்த வேலையின் கஷ்டம் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. அரங்கில் ஃபிளாஷ் போட்டால் ஆடுபவரின் கண் கூசும். ரசிகர்களும் முகம் சுளிப்பார்கள். இருக்கிற மேடை விளக்கிலேயே எடுக்க வேண்டும். ஃபிலிம் காலத்தில் 400 ஏ.எஸ்.ஏ. சுருளைப் போட்டு, லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தாலும், ஷட்டர் நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டத்தான் ஓடும். அந்த வேகத்தில் நர்த்தகியின் கை அசைந்தால் படம் கலங்கிவிடும். அவர் அசையாமல் நிற்கும் இமைப்பொழுது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தீர்மானம் முடிந்து எங்கே நிற்பார், ஜதி எந்த அட்சரத்தில் விழும், எந்த வரியில் கண் கலங்கும் என்பதெல்லாம் பாட்டும் தாளமும் தெரிந்தவருக்கே பிடிபடும். கண்ணால் பார்த்த பிறகு விசையை அழுத்தினால் அந்தத் தருணம் போயிருக்கும். ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள்தான். இதற்கு மேல் ஷட்டர் சத்தம் வேறு. விளம்ப காலத்தில் ஒரு பாடகர் ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது, முன்வரிசையில் ‘க்ளிக்’ என்றால் அது அபஸ்வரம் போலத்தான் கேட்கும்.

பாடகர்களைப் படமெடுப்பது இன்னும் சிரமம். அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர மாட்டார். முகத்துக்கு முன்னால் மைக் நிற்கும். பிருகா போகும்போது வாய் கோணும், கழுத்து நரம்பு புடைக்கும். அழகாக எடுக்க நினைப்பவர் இதையெல்லாம் தவிர்ப்பார். பஸ்ரிச்சா தவிர்க்கவில்லை. முயற்சி, நெருடல், பிடிபட்டவுடன் வரும் மலர்ச்சி, சாகித்யத்தில் கரைதல் என்று ஒரே பாடகரின் பல முகங்களை அவர் படங்களில் பார்க்கலாம். மேடையில் சங்கீதம் உண்டாகும் விதமே அந்த முகங்களில் தெரிகிறது. ஸ்டூடியோவில் பட்டுப் புடவையோடு உட்கார்ந்து எடுத்த படத்தில் அது கிடைக்காது.

இந்தப் படங்கள் சுவரில் மாட்டுவதோடு நிற்கவில்லை. லீலா சாம்சன் எழுதிய ‘ரிதம் இன் ஜாய்’ 1987இல் வந்தது. சுனில் கோத்தாரியின் ஒடிசி நூல் 1990இல், குச்சிப்புடி நூல் 2001இல், லீலா வெங்கட்ராமனின் ‘இந்தியன் கிளாசிக்கல் டான்ஸ்’ 2002இல் வெளிவந்தன. நான்கிலும் படங்கள் பஸ்ரிச்சாவுடையவை. ஒடிசியின் திரிபங்கத்தில் இடுப்பு எவ்வளவு ஒடியும், பரதத்தின் அரைமண்டியில் முழங்கால் எங்கே நிற்கும் என்று எழுத்தில் நாலு பக்கம் விளக்கலாம். படம் ஒரே பார்வையில் காட்டிவிடும். நாட்டியத்தைப் பற்றிப் பிறகு எழுத வந்தவர்களுக்கும் ஆட வந்தவர்களுக்கும் அவை ஆதாரமாயின. யார், எந்த நாட்டியம், எந்தப் பாவம் என்ற விவரமும், எடுத்தவர் பெயரும் கூடவே அச்சாகியிருப்பதால்தான் அவை வரலாறாக நிற்கின்றன.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதைத்தான். ஒரு கலைஞரின் நல்ல படத்தில் இரண்டு பேருடைய கலை இருக்கிறது. இரண்டு பெயரும் அதன் அடியில் இருக்க வேண்டும்.

எங்கள் மாத்தூர், மணலி, எண்ணூர் பக்கம் ஆடி மாதம் அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் கேட்காத வாரம் கிடையாது. கூத்து கட்டுகிறார்கள், கரகம் ஆடுகிறார்கள். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் சாவு வீட்டு வாசலில் விடிய விடிய கானா பாடும் தொண்டைகள் இருக்கின்றன. வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் பார்த்துப் பழகிய வடசென்னையின் ரசனை அந்த மேடைகளில்தான் உயிரோடு இருக்கிறது. படமெடுக்க ஆள் இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. கூடியிருப்பவர் ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. ஃபிலிம் சுருளைவிடப் பல மடங்கு கூர்மையாக இருட்டிலும் அது எடுக்கிறது. ஆனாலும் அடுத்த திருவிழாவுக்குள் அந்தப் படங்கள் யாருடையவை என்று தெரியாமல் போய்விடுகின்றன. கிட்டப்பா படத்துக்கு நேர்ந்தது, நூறு மடங்காக நம் கண்ணெதிரே நடக்கிறது.

படம் எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கூத்து முடிந்து வேஷம் கலைக்கும்போது, அந்தக் கலைஞரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயர், கட்டிய வேஷம், அவருடைய வாத்தியார் பெயர், எந்த ஊர், என்ன தேதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரியில் உங்கள் பெயரைத் தயங்காமல் போடுங்கள். ஒரு பிரதியை அந்தக் கலைஞர் கையிலேயே கொடுங்கள். பஸ்ரிச்சா மாதிரி ஒரு வாழ்நாளைக் கொடுக்க எல்லோராலும் முடியாது. இந்த ஆறு வரிகளை எழுத எல்லோராலும் முடியும்.

அடுத்த வாரம்: சினிமா படப்பிடிப்புத் தளத்தின் ஸ்டில் போட்டோகிராபர்கள்.

(தொடரும்)